பேய் வர முடியாத ஊரில் ஒரு பேய்ப்படம்

ஏணியை விட்டு இறங்கி, கையைக் கழுவி, முகத்தைத் துடைத்து, இந்த ஊர்மன்றத்து முற்றத்தை நிறைத்து அமர்ந்திருக்கும் என் தோரேகோல் மக்களே!

மேடையின் நடுநாற்காலியில் வீற்றிருந்து, ஊன்றுகோலை முழங்காலில் சாய்த்து, "இவ எப்ப முடிக்கப்போறாளோ" என்று இப்போதே கண்ணை மூடிக்கொண்டிருக்கும் எங்கள் முதியோர் மன்றத் தலைவர், பெருமதிப்பிற்குரிய பியோ ஜோங்மான் ஐயா அவர்களே! அவருக்கு வலமும் இடமுமாய், தலைக்குப் புது மை பூசி, வயதில் பத்தைக் குறைத்துக்கொண்டு வந்திருக்கும் பெரியவர்களே! விடிந்தால் தோப்பு, பொழுது அடைந்தால் அடுப்பு என்று ஓடிய ஓட்டத்தை இன்று ஒரு மாலை நிறுத்திவிட்டு, உதட்டுக்குச் சாயம் தீட்டி முன்வரிசையைப் பிடித்திருக்கும் என் தாய்மார்களே! மலைக்கு அந்தப் பக்கம் ஆப்பிள் விளைவித்தாலும் மனத்தால் எங்களுக்கு உறவாகிப்போன பக்கத்து ஊர்ப் பெருமக்களே! எங்கள் ஊரை ஒரு கோடை முழுவதும் தலைகீழாய்ப் புரட்டிப் படம் எடுத்து, போகிற அவசரத்தில் என் வீட்டு ஏணியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போன திரைப்படக் குழுவினரே! அந்த ஏணி இன்று திரும்பி வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

எல்லாருக்கும் மேலாக, முன்வரிசையின் ஓரத்தில், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஹேரிம் அம்மா அவர்களே! உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். எழுந்து நிற்க வேண்டாம். உட்காருங்கள் அக்கா, உட்காருங்கள்.

நான் தோரேகோல் ஊர்த்தலைவி குவாக் தால்ரே. காலையில் கம்பத்து ஒலிபெருக்கியில் "பூச்சிமருந்து வந்தாச்சு, குப்பை வண்டி வந்தாச்சு" என்று கத்தி உங்களைப் படுக்கையிலிருந்து எழுப்புகிறவள். குரலை மட்டும் கேட்டு என்னைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் இன்று முகத்தைப் பார்த்தே திட்டலாம்.

என்ன? பின்னாலிருந்து யாரோ "படத்தைப் போடுங்க" என்கிறீர்களா? ஐயா, வெளிச்சம் இன்னும் போகவில்லை. வெளிச்சம் போனால்தான் அந்த வெள்ளைத் துணியில் பேய் தெரியும். அதுவரை நான்தான் பேய். கையில் கணவாய்க் கருவாடு இருக்கிறதல்லவா, மென்றுகொண்டே கேளுங்கள்.

இந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதை நான் சொல்ல வேண்டும். ஊர்க்காரர்களுக்குத் தெரியும், வெளியூர் விருந்தினருக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்தால் இது பயப்படுத்தும் படம். தெரிந்து பார்த்தால் வேறு படம். சொல்லலாமா என்று ஹேரிம் அம்மாவிடம் நேற்று போய்க் கேட்டேன். "சொல்லு. ஆனா அழுது தொலைக்காத" என்றார். முயற்சி செய்கிறேன்.

சென்ற ஆண்டு வசந்தம். மலை முழுக்கப் பூத்த பூ உதிர்ந்து, பிஞ்சு பிடித்துக்கொண்டிருந்த நேரம். ஒல்லியான ஓர் இளைஞர், காற்றடித்தால் மடங்கிவிடுவார் போல, இந்த மன்றத்துக்குள் நுழைந்தார். இதோ, கீழே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, இயக்குநர் நாம்குங் சோல், அவர்தான். உள்ளே நம் பெரியவர்கள் சீட்டாட்டத்தில் மூழ்கியிருந்தார்கள். வந்தவர் குனிந்து வணங்கிவிட்டு, இந்த ஊரில் பேய்க்கதை ஏதாவது உண்டா, பேய் நடமாடும் வீடு ஏதாவது உண்டா என்று கேட்டார்.

கேட்கலாமா? உலகத்தில் எந்த ஊரிலும் கேட்கலாம், தோரேகோலில் கேட்கலாமா? கிழக்கு பார்த்து நீண்ட ஒரே ஒரு பீச் பழமரக் கிளையைக் கண்டால் ஆவி அலறி ஓடும் என்று நம்புகிற நாடு இது. பூசாரிப் பெண்கள் பேயோட்ட எடுப்பது பீச் கிளை. அப்படியிருக்க, கிழக்கே பீச், மேற்கே பீச், மேட்டில் பீச், பள்ளத்தில் பீச் என்று பீச்சுக்கு நடுவே படுத்து பீச்சுக்கு நடுவே எழுகிற ஊருக்குள் வந்து, பேய் இருக்கிறதா என்று கேட்டால் பெரியவர்களுக்குக் கோபம் வருமா வராதா? சீட்டைக் கீழே வைக்காமலே ஒருவர் சொன்னார்: "எங்க ஊருக்குள்ள வரணும்னா பேய் ஹெலிகாப்டர்லதான் வரணும். நீ பக்கத்து ஊருக்குப் போ தம்பி. அங்க ஆப்பிள்தான், பேய் தாராளமா வரும்."

சிரிக்காதீர்கள், சிரிக்காதீர்கள். பக்கத்து ஊர்ப் பெருமக்களே, சொன்னது யார் என்று கேட்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு நடுநாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்குமேல் நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அன்பர்களே, நாம் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். நாடு முழுவதற்கும் பீச் அனுப்புகிற நாம், நம் முன்னோர் படையலில் ஒரே ஒரு துண்டு பீச் வைத்ததுண்டா? ஆப்பிள் வைப்போம், பேரிக்காய் வைப்போம், இலந்தை வைப்போம், பீச் மட்டும் வைக்க மாட்டோம். படையல் நாளில் ஆண்கள் தோப்புச் சட்டையைக் கழற்றி எறிந்து, குளித்து, தலையில் ஒட்டிய இலை வரைக்கும் தட்டிவிட்டுத்தான் வீட்டுப்படி ஏறுவார்கள். பழக்கூடைகளைத் தார்ப்பாய் போட்டு மூடுவோம். எதற்கு? வந்த அப்பா மிரண்டு திரும்பிவிடக் கூடாது. வந்த தாத்தா வாசலோடு போய்விடக் கூடாது. நம்மை வாழவைப்பதும் பீச். நம்மைப் பார்க்க வந்தவரை விரட்டுவதும் பீச்.

அப்படியானால், ஊரைச் சுற்றி இத்தனை ஆயிரம் மரம் நிற்கும்போது நம் முன்னோர் எந்த வழியாக வருகிறார்கள்? கேட்டோமா? நான் கேட்டதில்லை. என் மாமியார் கேட்டதில்லை. இதோ மேடையில் இருக்கும் பெரியவர்கள் யாரும் கேட்டதில்லை. இந்த ஊரில் அதைக் கேட்டவர் ஒரே ஒருவர். தனக்குள்ளேயே கேட்டு, விடை தெரியாமல், தன் வீட்டில் இருபது ஆண்டு தனியாகத் தவித்தவர் ஒரே ஒருவர்.

பெரியவர்கள் துரத்திவிட்டதும் இயக்குநர் ஊரை ஒரு சுற்று நடந்தார். ஓடையோரம், பாதை முடிகிற இடத்தில், ஒரு வீட்டைப் பார்த்து நின்றுவிட்டார். ஊரே பச்சையாய் அடர்ந்து நிற்க, அந்த வீட்டைச் சுற்றி மட்டும் மரமே இல்லை. வெறும் எள்ளுக் கொல்லை. நேரே என் வீட்டுக்கு வந்து, "தலைவி அம்மா, எனக்கு அந்த வீடுதான் வேணும், பேய் வர்ற வீடு அதுதான்" என்றார். அது ஹேரிம் அம்மாவின் வீடு.

நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்னால் நடந்தது இது. ஹேரிம் என்பது அவருடைய ஒரே மகளின் பெயர். தேகு நகரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். கோடையில் பழம் பறிக்கிற நாள் வந்தால் விடுப்புச் சொல்லிவிட்டு ஓடி வந்துவிடுவாளாம். வேலை செய்ய வருகிறேன் என்று சொல்லி வந்து, பறித்ததில் பாதியை மரத்தடியிலேயே தின்று தீர்ப்பாளாம். அந்தக் கோடையிலும் அப்படித்தான் கிளம்பினாள். வழியில் பேருந்து கவிழ்ந்தது. இருபத்து மூன்று வயது.

சவ ஊர்தி நம் ஊர்ப் பாலம் வரை வந்தது. பாலத்தில் பெரியவர்கள் நின்றிருந்தார்கள். வெளியில் செத்தவரை ஊருக்குள் கொண்டுவரக் கூடாது என்பது வழக்கம். மணமாகாமல் செத்த பெண் என்றால் இரட்டிப்பாகக் கூடாது. அந்தத் தாய் கேட்டது என்ன? சோறு கேட்டாரா, நிலம் கேட்டாரா? வீட்டு முற்றம் வரை கொண்டுபோய் ஒருமுறை காட்டிவிட்டுத் திருப்பிக்கொண்டு வந்துவிடுகிறேன், அவ்வளவு நேரம் விடுங்கள் என்றுதான் கேட்டார். விடவில்லை. வண்டி திரும்பிப் போயிற்று. ஓடைக்கு அந்தப் பக்கத்து மேட்டிலேயே அவளைப் புதைத்தார்கள்.

மறு வசந்தத்தில் பூ வரும் முன்பே, அந்தத் தாய் ரம்பத்தை எடுத்துக்கொண்டு தன் தோப்பில் இறங்கினார். ஊரிலேயே சிறந்த தோப்பு அது. கிளை கழித்துக் கவாத்து செய்வதில் அவர் கைக்கு ஈடு கிடையாது என்று இன்றைக்கும் சொல்வார்கள். ஒரு மரம் விடாமல் அறுத்துச் சாய்த்தார். புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள் சிலர். ஊர்மேல் கோபம் என்றார்கள் சிலர். ஏன் அக்கா என்று ஒருவர் போய்க் கேட்டிருக்கலாம் இல்லையா? ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளை பேரைச் சொல்லித்தானே தாயைக் கூப்பிடுவோம் நாம்? செத்த பிள்ளையின் பேரைச் சொல்லி எப்படிக் கூப்பிடுவது என்று தயங்கி, கூப்பிடுவதையே விட்டுவிட்டோம்.

அந்த வீட்டு வாசலுக்குத்தான் இயக்குநரைக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவரிடம் சொல்லிக்கொண்டே போனேன், அவர் விளக்குமாற்றை எடுத்தால் நான் முதலில் ஓடுவேன் என்று. இயக்குநர் திண்டாடித் திண்டாடிக் கதையைச் சொன்னார். ஒரு பெண் சாகிறாள், பேயாகித் தன் வீட்டுக்கே வருகிறாள், ஊரே நடுங்குகிறது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஹேரிம் அம்மா எள் புடைப்பதை நிறுத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பொண்ணு வீட்டுக்குள்ள வருவாளா?"

"வருவாம்மா. தினமும் வருவா."

"அப்ப எடுத்துக்கோங்க."

இவ்வளவுதான் பேச்சு. வாடகை பற்றிக் கேட்கவில்லை, எத்தனை நாள் என்று கேட்கவில்லை. எனக்கு அன்றைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கோடை வந்தது, வண்டி வண்டியாய்க் குழு வந்தது. பன்றித் தலையை மேசையில் வைத்து, சோஜு மது ஊற்றி, படம் நல்லபடி முடிய வேண்டும் என்று எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். நம் ஊர்ப் பெரியவர்களும் கும்பிட்டார்கள். பிறகு பன்றித் தலையை யார் வெட்டுவது என்று சண்டையும் போட்டார்கள். நம்மில் பாதிப்பேர் அந்தப் படத்தில் ஊர்மக்களாக நடித்தோம். ஊர்மக்களாக நடிக்க நம்மைவிட்டால் யார்?

பேயாக நடிக்க வந்தது குன்சானிலிருந்து ஒரு பெண், பெயர் தான்பி. அவளுக்கு அதுதான் முதல் படம். வெள்ளை உடுப்பு, அவிழ்ந்த கூந்தல், வாயோரம் சிவப்புச் சாயம். முதல் நாள் அவளைக் கண்டு என் நாய் கட்டிலுக்கடியில் ஒளிந்தது. இரண்டாம் நாளே நம் பெண்கள் பயத்தை விட்டார்கள். மூன்றாம் நாள் என்ன தெரியுமா? "இந்தப் பொண்ணு எலும்பும் தோலுமா இருக்கு, பேய்னாலும் சாப்பிட வேண்டாமா" என்று வீட்டுக்கு வீடு கூப்பிட்டு உருளைக்கிழங்கு அவித்துக் கொடுத்தார்கள். கோசு ஊறுகாய் கிம்ச்சியைக் கையால் கிழித்து வாயில் ஊட்டினார்கள். பேய்க்கு இடுப்பு பெருத்துவிட்டது என்று உடையலங்காரப் பெண் என்னிடம் வந்து முறையிட்டாள்.

ஒரு நண்பகல். தான்பி ஒப்பனையோடு இந்த மன்றத்திலிருந்து ஹேரிம் அம்மாவின் வீட்டுக்குப் போக வேண்டும். பாதை சுற்று என்று என் தோப்புக்குள் புகுந்து குறுக்கே நடந்திருக்கிறாள். நடந்தவள் சும்மா நடந்தாளா? முந்திப் பழுத்த பழமாய்ப் பார்த்து, கைக்கு ஒன்றாகப் பறித்துக்கொண்டு போகிறாள். நான் ஏணிமேல் நின்று பார்த்துவிட்டேன். பேயானால் என்ன, திருட்டு திருட்டுதானே? இறங்கி, துரத்திக்கொண்டு ஓடினேன்.

அந்த வீட்டு வாசலுக்கு வந்ததும் என் கால் நின்றுவிட்டது. தான்பி முற்றத்தில் நிற்கிறாள். வெள்ளை உடுப்பு, அவிழ்ந்த கூந்தல், முகவாயில் வழிகிற பீச் சாறு. எதிரே ஹேரிம் அம்மா. மடியிலிருந்த அவரைக்காய் கொட்டிக் கிடக்கிறது. முகத்தில் அப்படி ஒரு வெளிறல். நான் அவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தேன்.

"அந்தத் தோப்பு வழியாவா வந்தே?" என்று கேட்டார்.

தான்பிக்கு ஒன்றும் தெரியாது, பாவம். ஆமாம்மா, மன்னிச்சுக்கங்க என்றாள்.

"உன்னை ஒண்ணும் பண்ணலையா அது?"

"கழுத்துல கொஞ்சம் அரிச்சுது. வேற ஒண்ணும் இல்லம்மா."

அன்பர்களே, அந்தத் தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. தான்பியின் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, இடுப்பில் கட்டியிருந்த துணியால் அவள் கழுத்தைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன், மரத்தையெல்லாம் ஏன் அக்கா அறுத்தீர்கள் என்று. இருபது ஆண்டாக யாரும் கேட்காத கேள்வி.

"எம்பொண்ணு வரணுமில்ல தால்ரே. வாசல்லயே மரம் நின்னா எப்படி வருவா? எங்க மரத்த நான் அறுத்துட்டேன். உங்க மரத்த நான் எப்படி அறுக்க முடியும்? பாலத்துலேருந்து இங்க வரைக்கும் ரெண்டு பக்கமும் மரந்தானே. அவ எங்கியோ அந்தப் பக்கமே நின்னுட்டிருப்பா."

ஒவ்வொரு கோடையிலும் மகள் செத்த நாளன்று மாலையில் சோறு வடித்துவைத்து, வாசற்கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பாராம். வந்ததாக ஒருமுறைகூட மனத்துக்குத் தோன்றவில்லையாம். தோரேகோலுக்குள் பேய் வர முடியாது என்று நாம் மார்தட்டிச் சொன்ன ஒவ்வொரு முறையும் அந்தத் தாயின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? சொல்லுங்கள், எப்படி விழுந்திருக்கும்?

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். இல்லை, நான் அழவில்லை.

அன்று மாலையே நான் வீடு வீடாகப் போய் இதைச் சொன்னேன். நாலு நாள் ஊரில் சீட்டாட்டம் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் படத்தின் கடைசிக் காட்சி. கதைப்படி, மகள் பேயாக வாசலில் வந்து நிற்பாள். தாயாக நடிக்கும் பெரிய நடிகை, சியோலிலிருந்து வந்தவர், பீச் கிளையை ஓங்கி அவளை அடித்து விரட்ட வேண்டும். பின்னால் ஊர்மக்கள் எல்லாரும் பீச் கிளையோடு நின்று அவளை ஓடைக்கு அப்பால் துரத்த வேண்டும். ஆளுக்கொரு கிளையைக் கையில் கொடுத்துவிட்டார்கள். முன்வரிசையில் நம் தலைவர் ஐயா.

இயக்குநர் குரல் கொடுத்தார். தான்பி வாசலில் வந்து நின்றாள். "அம்மா, கதவத் தெற" என்றாள். நடிகை கிளையை ஓங்கினார். இனி ஊர்மக்கள் கிளையை ஓங்க வேண்டும்.

ஒரு கிளைகூட உயரவில்லை.

இயக்குநர் நிறுத்தினார். ஐயா, இந்த இடத்தில் நீங்கள் கிளையைத் தூக்க வேண்டும் என்று விளக்கினார். மறுபடி எடுத்தார். மறுபடியும் உயரவில்லை. மூன்றாம் முறை அந்த மெல்லிய மனிதருக்கே பொறுமை போய்விட்டது. நடிப்புத்தானே, யாரையும் உண்மையில் அடிக்கச் சொல்லவில்லையே என்று கெஞ்சினார். அப்போது நம் தலைவர் ஐயா தன் கையிலிருந்த கிளையைத் தரையில் வைத்தார். ஊன்றுகோலை நட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"தம்பி, நாங்க இத ஒருதடவ நெசமாவே செஞ்சிட்டோம். பாலத்துல வெச்சு. மறுபடி நடிக்கக்கூட கை வரல."

எத்தனை மேடையில் எத்தனை பேர் பேசிக் கேட்டிருக்கிறோம்! அலங்காரமாய்ப் பேசுகிற நானும் இருக்கிறேன். அந்த இரண்டு வரிக்கு முன்னால் என் பேச்செல்லாம் எம்மாத்திரம்? எண்பத்தாறு வயது மனிதர், ஊர் கூடி நிற்கிற இடத்தில், தன் பேரப்பிள்ளைகள் பார்க்க, தான் செய்தது தப்பு என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்? ஐயா, கண்ணைத் திறக்க வேண்டாம், நான் முடிக்கப்போவதில்லை.

அவருக்குப் பின்னால் ஒவ்வொரு கிளையாகக் கீழே இறங்கியது. நடிகையும் தன் கிளையைப் போட்டுவிட்டார். இயக்குநர் ஒரு பழப்பெட்டிமேல் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "சரி, அந்தப் பொண்ணு வாசல்ல நிக்கிறாளே, அவளை என்னதான் பண்றது?" என்றார். சமையலறை நிலைப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"உள்ள கூப்பிடுங்க. வேற என்ன பண்ணுவாங்க?"

ஹேரிம் அம்மாவின் குரல். கூப்பிட்டார்கள். அந்த நடிகை "வாம்மா" என்றார். தான்பி வாசலைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்து சோறு தின்றாள். இதுதான் நீங்கள் இன்று பார்க்கப்போகிற படத்தின் முடிவு. பேய் வீட்டுக்குள் வந்து சோறு தின்றால் எவன் பயப்படுவான் என்று படக் கம்பெனிக்காரர்கள் சியோலில் குதித்தார்களாம். இந்த ஒல்லி மனிதர் மடங்காமல் நின்று சாதித்திருக்கிறார். அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள். இன்னும் பலமாக. அவர் பயப்படுகிறவர், பரவாயில்லை, பலமாகவே தட்டுங்கள்.

கேளுங்கள், இனி நான் சொல்லப்போவது படத்தில் இல்லை.

மறுநாள் காலை, ஐயா ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு ஹேரிம் அம்மாவின் வாசலுக்குப் போனார். உள்ளே போகவில்லை. வெளியிலேயே நின்று, ஹேரிமை ஊர் சேர்ந்து வீட்டுக்குக் கூட்டிவர அனுமதி கேட்டார். அந்த அம்மா கேட்டது அதே கேள்விதான்: வழியில் இத்தனை மரம் நிற்கிறதே? ஐயா நேரே என்னிடம் வந்து, "தால்ரே, ஒலிபெருக்கியப் போடு" என்றார்.

பாலத்திலிருந்து அந்த வீடு வரை பாதையோரம் தோப்பு வைத்திருப்பவர் எல்லாரும் வாருங்கள், பாதைமேல் நீண்டிருக்கும் கிளைகளை வெட்டிவிடுவோம் என்று அறிவித்தேன். அறுவடைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. ஒருவரும் மறுக்கவில்லை. அரிவாளோடு வந்து நின்றார்கள். யார் தடுத்தது தெரியுமா? ஹேரிம் அம்மா. வந்து கிளைகளைப் பார்த்தார். அவர் கை தானாக ஒரு பழத்தைத் தாங்கிப் பார்த்தது. "காயோட கெளய வெட்டாதீங்க. மரம் தாங்காது. சும்மா கையால ஒதுக்கிப் புடிச்சாப் போதும்" என்றார்.

பிடித்தோம். காலை வெயிலில், பாதையின் இரண்டு பக்கமும், அவரவர் மரத்தடியில் அவரவர் நின்று, தொங்குகிற கிளைகளை முதுகால் தள்ளி, தோளால் தாங்கி, இரண்டு கையாலும் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றோம். பழத்தின் பூஞ்சுணை கழுத்தெல்லாம் அப்பி அரிக்கிறது. சொறிய ஒருவரும் கையை எடுக்கவில்லை. இயக்குநர் ஆர்வத்தில் கேமராவைத் தூக்கினார். "தம்பி, இது படம் இல்ல" என்றேன். கேமராவைத் தரையில் வைத்துவிட்டு வந்து, என் பக்கத்தில் நின்று ஒரு கிளையைப் பிடித்தார். அவர் பிடித்ததில் கிளை ஒதுங்கியதா, கிளை அவரை ஒதுக்கியதா என்று இன்னும் எனக்குச் சந்தேகம்தான்.

ஓடைக்கு அப்பால் மேட்டிலிருந்து, மகளின் புகைப்படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஹேரிம் அம்மா இறங்கி வந்தார். பாலத்தில் ஐயா தனியாக நின்றிருந்தார், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. பெரியவர் சிறியவரை விழுந்து வணங்குகிற வழக்கம் நம் நாட்டில் எங்காவது உண்டா? ஐயா வணங்கினார். அந்த முழங்கால்களை மடக்கி, பாலத்துச் சிமெண்டில் நெற்றி பட, ஓர் இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் படத்தை வணங்கினார். எழுந்திருக்க முடியவில்லை. ஹேரிம் அம்மாதான் ஒரு கையால் மகளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவரைத் தூக்கிவிட்டார்.

அப்புறம் தாயும் மகளுமாய் நடந்தார்கள். கிளைகளுக்கு நடுவே நாங்கள் திறந்து வைத்திருந்த பாதையில், அவசரமில்லாமல். ஒவ்வொரு தோப்பையும் கடக்கும்போது, இது யார் தோப்பு, இது யார் வைத்தது என்று மகளுக்கு மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தார். ஹேரிம் போன பிறகு நட்ட மரங்கள் நிறைய இருக்கின்றன அல்லவா, அவளுக்குத் தெரியாதல்லவா! என்னைக் கடக்கும்போது, "இவ தால்ரே, நீ பாத்ததில்ல, வாய் கொஞ்சம் நீளம், நல்லவ" என்றார்.

பேய்ப்படம் பார்க்க வந்திருக்கும் பெருமக்களே! எதற்கு நாம் பேய்க்குப் பயப்படுகிறோம்? கூந்தலுக்கா, வெள்ளைத் துணிக்கா, வாயோரச் சாயத்துக்கா? வீட்டுக்கு வர ஆசைப்படுகிற பிள்ளை அது. வாசலில் நின்று அது கதவைத் தட்டுகிறது என்றால், அதற்கு நம் வீட்டு வாசல் இன்னும் நினைவிருக்கிறது என்று பொருள். நம்மை மறக்காமல் வந்தவளை நாம் கிளையால் அடித்தோம் என்றால், பயப்பட வேண்டியது அவளைக் கண்டா, நம்மைக் கண்டா? இருளில் வருவது யாராகவும் இருக்கட்டும்! இறந்தது எங்கேயாகவும் இருக்கட்டும்! இந்தப் பாலத்தில் இனி ஒரு வண்டியும் திரும்பிப் போகாது என்று, நம் ஊர்ப் பெரியவர்கள் அனைவரும் ஒப்ப, இந்த மேடையில் நின்று அறிவிக்கிறேன். இது ஒலிபெருக்கி அறிவிப்புப் போல இல்லை, நாளைக்கு மாறாது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். வீட்டைக் கொடுத்த ஹேரிம் அம்மாவுக்கு நன்றி. கிளையைக் கீழே வைத்த ஐயாவுக்கு நன்றி. பேயாய் வந்து பழம் திருடிய தான்பிக்கு நன்றி. அடுத்த கோடையிலும் நீ வந்து திருட வேண்டும் மகளே. என் நீண்ட வாயைப் பொறுத்துக்கொண்ட உங்கள் எல்லாருக்கும் நன்றி. உங்கள் வீட்டுக்கு வர வேண்டியவர்கள் எவ்வளவு தொலைவில் இருந்தாலும் வந்து சேரட்டும் என்று வணங்கி அமர்வதற்கு முன், அன்று காலை அந்த வாசலில் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

வாசலுக்கு வந்ததும் ஹேரிம் அம்மா நின்றார். கிளைகளை விட்டுவிட்டு நாங்கள் எல்லாரும் பின்னால் வந்து நின்றோம். இருபது ஆண்டு காத்திருந்த தாய் என்ன சொல்லி அழுவாரோ, எப்படித் தாங்குவாரோ என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் அழவில்லை. மகளின் படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு வந்த பெண்ணைப் பார்ப்பது போல முகத்தைப் பார்த்தார்.

"ஏண்டி, வர இவ்ளோ நேரமா? சோறு ஆறிப்போச்சு. உள்ள வா."

வணக்கம்.